பெயர் சுட்டா அகமும் பெயர் சொல்லும் அரங்கும்

பீனா பௌஷின் ஆடலரங்கு பற்றிய ஒரு திறனாய்வு

தமிழகத்தை விட்டு வெளியே வாழும் குடும்பங்களில் பரதநாட்டியம் ஒரு கலை என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. அது நம் அடையாளச் சீட்டாகவும் விளங்குகிறது. மாட்டுங்காவிலோ கரோல் பாகிலோ பிறந்து வளர்ந்த பெண்குழந்தைக்குத் தமிழெழுத்து தெரியாமற் போனாலும் போகட்டும், அலாரிப்பு தெரியாமற் போகக்கூடாது என்று கருதும் பெற்றோர் நம்மிடையே பலர். இதில் குறை காண்பதற்கில்லை. நா மறந்ததை உடலேனும் நினைவில் வைத்திருக்கட்டும் என்னும் ஏக்கம் அது. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அக்குழந்தையின் உடல் எதனை நினைவில் வைத்திருக்கிறது? ஆசிரியர் கற்பித்த பாவத்தையா, அது தானே வாழ்ந்த வாழ்வையா?

இக்கேள்வியை நம் மரபுக்கு முற்றிலும் புறம்பான ஓரிடத்தில், ஜெர்மனி நாட்டுத் தொழில் நகரம் ஒன்றில், ஒரு பெண்மணி தம் வாழ்நாள் முழுவதும் கேட்டுவந்தார். அவர் பெயர் பீனா பௌஷ் (1940–2009). அவருடைய ஆடலை முதன்முறை காணும் தமிழர் பெரும்பாலும் முகம் சுளிப்பர். தாளக்கட்டு எங்கே, முத்திரை எங்கே, கதைதான் எங்கே என்று வினவுவர். அவ்வினாக்கள் நியாயமானவையே. அவற்றை ஒதுக்காமல், நம் இலக்கணத்தையே அளவுகோலாகக் கொண்டு அவர் படைப்பை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆடலரங்கு என்பது யாது?

'நாட்டிய நாடகம்' என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது கலாக்ஷேத்திரம் 1944ஆம் ஆண்டு அரங்கேற்றிய 'குற்றாலக் குறவஞ்சி' போன்ற படைப்பாகும். அதில் கதையுண்டு, கதைக்கேற்ற பாத்திரமுண்டு, பாத்திரத்துக்கேற்ற பாட்டுண்டு. ஜெர்மானியர் 'தான்ஸ்தேயாட்டர்' என்று வழங்குவதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அதுவும் நடன நாடகம் என்றே வரும். ஆனால் அதில் தொடர்கதை இல்லை. இராமனும் இல்லை, வள்ளியும் இல்லை. மேடையில் நிற்பவர் ஆடுநரே. வேறொருவராக வேடம் புனைந்தவர் அல்லர். அவர் ஆடுவார், பேசுவார், சிரிப்பார், சில வேளை ஒன்றும் செய்யாமல் அவையோரை நோக்கி நிற்பார். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதிருக்க இதனை 'ஆடலரங்கு' என்றே இங்குக் குறிப்பிடுவோம்.

இது திடீரென முளைத்ததன்று. கர்ட் யோஸ் என்னும் நடன ஆசான் 1932இல் 'பச்சை மேசை' என்ற படைப்பை அளித்தார். மேசையைச் சுற்றி நின்று வாதிடும் அரசதந்திரிகளையும், அவர்கள் வாதத்தின் விளைவாக வந்த போரையும், போரின் பின் நடந்துவரும் மரணத்தையும் காட்டிய படைப்பு அது. அடுத்த ஆண்டு ஹிட்லர் ஆட்சி தோன்றியதும், தம் குழுவிலிருந்த யூதக் கலைஞர்களை விலக்க மறுத்து அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். போருக்குப் பின் திரும்பிவந்து எஸ்ஸன் நகரத்துப் ஃபோக்வாங் பள்ளியில் மீண்டும் கற்பித்தார். அங்கே 1955இல் மாணவியாகச் சேர்ந்தவரே பீனா. அவர் சோலிங்கன் என்னும் ஊரில் உணவு விடுதி நடத்திய பெற்றோரின் மகள். விடுதி மேசைகளின் அடியில் அமர்ந்து பெரியவர்களின் பேச்சையும் பிணக்கையும் கவனித்துக்கொண்டிருந்த குழந்தை. பின்னர் நியூயார்க் நகரின் ஜூலியார்டு பள்ளியில் பயின்று 1962இல் தாயகம் திரும்பினார். 1973இல் வுப்பர்டால் நகரத்து நடனக் குழுவின் பொறுப்பை ஏற்றார்.

தொடக்க ஆண்டுகளில் அந்நகரத்தார் அவரை வரவேற்கவில்லை. அன்னப்பறவை போன்ற பாலே மங்கையரைக் காண வந்தவர்கள், 1975இல் அவர் அமைத்த ஸ்டிராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' படைப்பில், மேடையெங்கும் கொட்டிய மண்ணில் புரண்டு வியர்த்து மூச்சிரைக்கும் உடல்களைக் கண்டனர். நாட்கள் செல்லச் செல்லச் சிலர் பாதி நிகழ்ச்சியில் கதவை அறைந்துவிட்டு வெளியேறினர். அதே நகரம் பின்னாளில் அவரால் உலகப் புகழ் பெற்றது என்பது வரலாறு.

வினாவிலிருந்து பிறக்கும் ஆடல்

பீனாவின் படைப்பு முறையில் பெருந்திருப்பம் நேர்ந்தது 1978ஆம் ஆண்டில். போக்கும் நகரில் ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தை ஒட்டி ஒரு படைப்பை உருவாக்க அவர் அழைக்கப்பட்டார். அக்குழுவில் ஆடுநரோடு நடிகரும் பாடகரும் கலந்திருந்தனர். அவர்களுக்கு அடவு சொல்லிக் கொடுப்பதற்கு மாறாக அவர் கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார். குழந்தைப் பருவத்தைப் பற்றி, அச்சத்தைப் பற்றி, அன்பு வேண்டி நாம் செய்யும் சிறு தந்திரங்களைப் பற்றி வினவினார். விடை சொல்லாகவும் இருக்கலாம், அசைவாகவும் இருக்கலாம். நூற்றுக்கணக்கான விடைகளில் பெரும்பாலானவற்றைக் கழித்துவிட்டு, எஞ்சிய சிலவற்றைக் கோத்துப் படைப்பாக்கினார். அதன் பின் இறுதிவரை அதுவே அவர் வழியாயிற்று.

இவ்வழியின் அடிப்படை எளிது. உடல் பொய் சொல்லப் பழகியது. ஆனால் முழுமையாகப் பொய் சொல்ல அதற்குத் தெரியாது. அலுவலகத்தில் பணிபுரியும் அன்பர்கள் இதனை நன்கு அறிவர். மேலதிகாரியின் அறைக்குள் நுழையும்போது நம் தோள்கள் தாமே குறுகுகின்றன. கையிலுள்ள கோப்பு தானே மார்போடு அணைகிறது. வெளியே வந்ததும் நடை அகல்கிறது. எவரும் இதனை நமக்குக் கற்பிக்கவில்லை. எந்த முத்திரை நூலிலும் இது இல்லை. பீனாவின் அரங்கில் இடம்பெறுவன இத்தகைய அசைவுகளே. ஆடையை இழுத்துவிடுவது, தலைமயிரைக் கோதுவது, வயிற்றை உள்ளிழுப்பது, கடிக்கும் காலணியோடு புன்னகைப்பது ஆகியவற்றை அவர் பலர் ஒருசேர, இசைக்கேற்ப, ஒழுங்குடன் செய்யும்படி அமைப்பார். தனியொருவர் செய்தால் பழக்கமாகத் தோன்றுவது இருபது பேர் சேர்ந்து செய்யும்போது ஆடலாகிவிடுகிறது.

ஒரே அணைப்பு, பலமுறை

1978 மே மாதம் அரங்கேறிய 'காஃபே முல்லர்' முக்கால் மணி நேரமே நடக்கும் சிறு படைப்பு. இருண்ட உணவு விடுதி, எங்கும் நாற்காலிகள். கண்களை மூடியபடி ஒரு பெண் உள்ளே வருகிறாள். அவள் மோதி விழாதிருக்க ஓர் ஆண் ஓடியோடி நாற்காலிகளை அகற்றுகிறான். பின்னணியில் பர்செல் என்னும் ஆங்கிலேய இசைமேதையின் சோகப் பாடல்கள். மேடையின் பின்புறத்தில் பீனாவே கண்மூடி ஆடிக்கொண்டிருப்பார்.

இதன் நடுவே ஒரு காட்சி வருகிறது. ஒரு பெண்ணும் ஓர் ஆணும் இறுகத் தழுவி நிற்கின்றனர். மூன்றாமவர் ஒருவர் வந்து அத்தழுவலைப் பிரித்து, 'முறைப்படி' அமைத்து வைக்கிறார். இவள் கை இங்கே, அவன் கை அங்கே, முகம் முகத்தோடு என்று ஒவ்வொன்றாகப் பொருத்தி, இறுதியில் அவளைத் தூக்கி அவன் கைகளில் கிடத்திவிட்டுப் போகிறார். அவன் கைகள் தளர்கின்றன. அவள் தரையில் விழுகிறாள். உடனே எழுந்து முன்போலவே அவனைத் தழுவிக்கொள்கிறாள். மூன்றாமவர் மீண்டும் வருகிறார், மீண்டும் பொருத்துகிறார், மீண்டும் வீழ்ச்சி. வேகம் கூடிக்கொண்டே போகிறது. கடைசியில் மூன்றாமவர் வருவதில்லை. வராத நிலையிலும் அவ்விருவரும் அவர் கற்பித்த வரிசையைத் தாமே பிசகாமல் செய்துகொண்டிருக்கின்றனர்.

இதனை விளக்கவேண்டிய தேவை நம்மவர்க்கு இல்லை. எத்தனை குடும்பங்களில் பெரியவர் யாரோ ஒருவர் வகுத்த வரிசை, அவர் மறைந்த பின்னும் கணவன் மனைவியரின் கைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது!

இங்கே ஒப்புநோக்கத் தக்கது நம் அபிநய மரபு. பதம் ஆடும்போது ஒரே அடி பலமுறை பாடப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ஆடுபவர் புதியதொரு கருத்தைச் சஞ்சாரியாக விரிக்கிறார். பாலசரஸ்வதி (1918–1984) இவ்வகையில் நிகரற்றவர் என்பது கற்றோர் கருத்து. பாட்டு மாறாது, பொருள் வளர்ந்துகொண்டே போகும். பீனாவின் அரங்கிலோ அசைவு மாறாது திரும்பத் திரும்ப வருகிறது. அதன் பொருள் ஒவ்வொரு முறையும் உதிர்கிறது. முதல் அணைப்பில் காதல் தெரிகிறது; ஐந்தாம் அணைப்பில் கடமை தெரிகிறது; பத்தாம் அணைப்பில் அச்சம் ஒன்றே தெரிகிறது. நம் மரபு மீட்டுரைத்தலால் உணர்ச்சியைச் செழுமைப்படுத்துகிறது. அவர் மீட்டுரைத்தலால் உணர்ச்சியின் மேற்பூச்சைச் சுரண்டுகிறார். கருவி ஒன்றே, பயன் வேறு. இதனை உணர்ந்தவர், அவர் படைப்பு நமக்கு அந்நியம் என்று சொல்லத் தயங்குவர்.

பல்லைக் காட்டு, கையைக் காட்டு

அதே 1978ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தது 'கோண்டாக்ட்ஹோஃப்'. சந்திப்பு முற்றம் என்று பெயர்க்கலாம். விலைமகளிர் இல்லங்களில் பேரம் நடக்கும் முற்றத்துக்கும் அச்சொல் வழங்குவதுண்டு. பழைய நடனக்கூடம் ஒன்றே களம். சுவரோரம் நாற்காலிகள். மாலை உடையில் மகளிர், கோட்டணிந்த ஆடவர். தொடக்கத்தில் ஒருவர் எழுந்து மேடையின் முன்விளிம்புக்கு வருகிறார். முகத்தைக் காட்டுகிறார், பக்கவாட்டில் திரும்புகிறார், முதுகைக் காட்டுகிறார், பல்லைக் காட்டுகிறார், கைகளை நீட்டிக் காட்டுகிறார். பின்னர் மற்றவரும் அவ்வாறே செய்கின்றனர்.

சந்தையில் மாடு பிடிப்பதை நினைவூட்டும் காட்சி இது என்று ஐரோப்பியர் கூறலாம். நமக்கு நினைவு வருவது வேறு. காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்து நமஸ்கரித்து அமரும் பெண்ணை நாம் கண்டிருக்கிறோம். நடக்கச் சொன்ன காலமும் உண்டு, பாடச் சொன்ன காலமும் உண்டு. சொஜ்ஜியும் பஜ்ஜியும் உண்டபடி அதனைப் பார்த்திருந்தோர் எவரும் தம்மைக் கொடியவர் என்று எண்ணியதில்லை. பீனாவின் திறமை இங்கேதான் இருக்கிறது. அவர் ஆடவரையும் அவ்வாறே பல்லைக் காட்ட வைக்கிறார். பார்க்கப்படுவோர், பார்ப்போர் என்ற பாகுபாடு கலைகிறது. அரங்கில் டிக்கெட் வாங்கி அமர்ந்திருக்கும் நாமே பெண் பார்க்க வந்தவர்கள் ஆகிறோம்.

இதே படைப்பில் மற்றொரு காட்சி. தனித்து நிற்கும் ஒரு பெண்ணை நெருங்கி ஓர் ஆண் ஆறுதலாகத் தொடுகிறான். அடுத்தவன் வருகிறான், தலையை வருடுகிறான். பிறகு பலர். கன்னத்தைத் தட்டுதல், மூக்கைப் பிடித்தல், வயிற்றைத் தொடுதல் என ஒவ்வொன்றும் தனித்துப் பார்த்தால் பரிவுதான். எல்லாம் சேர்ந்தபோது அது வன்முறை. எந்த இடத்தில் பரிவு முடிந்து வன்முறை தொடங்கியது என்று பார்ப்பவரால் சுட்டிக்காட்ட முடியாது. அவள் அசையாது நிற்கிறாள். எவரும் தடுப்பதில்லை. உறவு என்ற பெயரால் நாம் ஒருவர்மேல் ஒருவர் எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி இதைவிட நேரடியாகப் பேசிய ஆடல் வேறில்லை எனலாம்.

பெயர் சுட்டுதல்

இனி நம் இலக்கணத்துக்கு வருவோம். அன்பின் ஐந்திணையில் தலைமக்களுடைய இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. தலைவி, தலைவன், தோழி, செவிலி என்றே அவர்கள் பேசுவர். பெயர் வந்தால் அது ஒருவருக்கு மட்டும் உரிய செய்தியாய் ஒடுங்கி அகத்துக்குப் புறம்பாகிவிடும். பெயரற்றிருப்பதனாலேயே குறிஞ்சித் தலைவியின் கலக்கம் ஈராயிரம் ஆண்டுக்குப் பின் வந்த நம் கலக்கமாகிறது. பரதத்தின் நாயகி நாயகர் கொள்கையும் இவ்வகையில் அகத்துக்கு உறவுடையதே. பதினான்கு வயதுப் பெண் விரகத்தை அபிநயிக்கும்போது அது அவளுடைய விரகமன்று. பாத்திரம் அவளுக்கு ஒரு கவசம்.

பீனாவின் அரங்கில் இக்கவசம் இல்லை. ஆடுநர் ஒருவரையொருவர் தத்தம் சொந்தப் பெயராலேயே அழைப்பர். தம் இளமை நினைவை வாய்விட்டுச் சொல்வர். தாய்நாடு வெவ்வேறாகிய அவர்கள் தத்தம் மொழியிலும் பேசுவர். இது அகநெறிக்கு நேர் எதிர் அன்றோ? ஒருவருடைய அந்தரங்கத்தை ஊரறியக் காட்டுவது கலையாகுமா என்று கேட்பவரை நான் பழமைவாதி என்று தள்ளமாட்டேன். அதற்குரிய விடையைப் படைப்பே தந்தாக வேண்டும்.

அவ்விடை 2000ஆம் ஆண்டில் கிடைத்தது. 'கோண்டாக்ட்ஹோஃப்' படைப்பை 65 வயதுக்கு மேற்பட்ட வுப்பர்டால் நகரத்துப் பொதுமக்களைக் கொண்டு பீனா மீண்டும் மேடையேற்றினார். அவர்கள் நடனத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். 2008இல் அதே படைப்பை அந்நகரத்துப் பதின்பருவ மாணவ மாணவியரைக் கொண்டு அமைத்தார். முதற்குழுவில் ஆடிய ஜோ ஆன் எண்டிகாட் என்னும் கலைஞர் இளைஞரைப் பல மாதங்கள் பயிற்றுவித்த கதை 2010இல் ஓர் ஆவணப்படமாக வந்தது. தொடுவதற்கே கூசிய பிள்ளைகள் மெல்ல மெல்லத் தம் உடலோடு சமாதானம் செய்துகொள்வதை அதில் காணலாம்.

படைப்பு மாறவில்லை. இசை மாறவில்லை. அசைவுகளின் வரிசையும் மாறவில்லை. 1978இல் யாரோ ஓர் ஆடுநர் தம் வாழ்விலிருந்து எடுத்துக் கொடுத்த விடையை, ஓய்வூதியம் பெறும் ஒரு மூதாட்டியும் பள்ளிச் சிறுமி ஒருத்தியும் தத்தம் உடலில் அணிந்துகொண்டனர். அணிந்தபோது அது அவர்களுடையதாயிற்று. பெயர் உதிர்ந்தது, வடிவு நின்றது. அகம் பெயரின்மையில் தொடங்கி ஒவ்வொருவர் நெஞ்சையும் சென்றடைகிறது. பீனாவோ ஒருவர் பெயரில் தொடங்கிப் பெயரின்மையைச் சென்றடைகிறார். வழி எதிரெதிர், சேரிடம் ஒன்று. அவர் பெருமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மூப்பும் இளிவரலும்

இம்முதியோர் மேடையேற்றத்தில் நாம் சிந்திக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. மெய்ப்பாடு எட்டினுள் ஒன்று இளிவரல். அது தோன்றும் நிலைக்களன்கள் நான்கினுள் முதலாவதாக மூப்பை வைக்கிறார் தொல்காப்பியர். முதிய உடல் தன்னையே இழிவாக எண்ணிக் கூசும் உணர்வை அவர் நுட்பமாக அறிந்திருக்கிறார். வுப்பர்டால் முதியோர் மேடை முன்விளிம்பில் வந்து நின்று பல்லைக் காட்டியபோது, அவையோர் எதிர்பார்த்தது அந்த இளிவரலையே. வந்ததோ பெருமிதம். இளைஞர் பல்லைக் காட்டினால் சந்தை நினைவு வருகிறது. முதியவர் காட்டினால், இவ்வளவு காலம் வாழ்ந்து தீர்த்த உடல் இது, பார்த்துக்கொள் என்பதுபோல் ஆகிறது. நிலைக்களன் அதுவே இருக்க, மெய்ப்பாடு மாறியது. இலக்கணம் பொய்யாகவில்லை, விரிந்தது.

நம் மரபும் முதுமையைத் துரத்தவில்லை. சத்யஜித் ராய் 1976இல் எடுத்த 'பாலா' படத்தில், ஐம்பது வயதைக் கடந்த பாலசரஸ்வதி கடற்கரையில் ஆடுவதைக் காணலாம். துரத்தியது இடைக்காலத்தில் வந்த நம் ரசனைதான். அரங்கேற்றத்துக்கு ஒப்பனையும் ஒல்லியுடலும் இன்றியமையாதன என்று நாம்தாம் முடிவு செய்துகொண்டோம்.

2024ஆம் ஆண்டு இக்கதை இன்னும் ஒரு படி சென்றது. முதல் அரங்கேற்றத்தில் ஆடிய மெரில் டாங்கர்டு, அன்று தம்மோடு ஆடியவர்களில் சிலரை 46 ஆண்டுகளுக்குப் பின் ஒன்றுகூட்டி அதே படைப்பின் எதிரொலியாக ஒரு நிகழ்ச்சியை அமைத்தார். அந்நாளில் பிடித்த கருப்பு வெள்ளைப் படம் பின்னே ஓட, அதன் முன் அதே மனிதர்கள் முதியோராய் ஆடினர். மறைந்தோருடைய இடம் வெற்றிடமாகவே விடப்பட்டது. துணைவர் கைவிட்டுப்போன பின்னும் அணைப்பின் வடிவத்தைக் கைகள் மறப்பதில்லை என்பதை இதற்கு மேல் விளக்க இயலாது.

குறைகள்

புகழ்ந்துரைத்தல் மட்டும் திறனாய்வு ஆகாது. பீனாவின் படைப்புகளில் குறை இல்லாமலில்லை. முதலாவது, பெண் துன்புறுவதை அவர் திரும்பத் திரும்பக் காட்டுகிறார். 1980களில் அமெரிக்கத் திறனாய்வாளர் சிலர் இதனைக் கடுமையாகக் கண்டித்தனர். துன்பத்தைக் காட்டுவதற்கும் துன்பத்தில் திளைப்பதற்கும் இடையேயுள்ள கோடு மெல்லியது. சில படைப்புகளில் அது அழிந்துவிடுகிறது என்பது என் கருத்து. இரண்டாவது, நீளம். மூன்று மணி நேரம் துண்டு துண்டான காட்சிகளைத் தொடர்ந்து பார்ப்பவர் களைத்துப் போவது இயல்பு.

மூன்றாவது குறை நம்மைச் சார்ந்தது. 1986இல் ரோமாபுரியை ஒட்டி அமைத்த 'விக்டர்' தொடங்கி, உலக நகரங்கள் பலவற்றில் சில வாரங்கள் தங்கி, அந்த அனுபவத்திலிருந்து படைப்புகளை உருவாக்குவது அவர் வழக்கமாயிற்று. இந்தியாவைப் பற்றி 2007இல் வந்தது 'பாம்பூ புளூஸ்'. கேரளத்திலும் கொல்கத்தாவிலும் பயணம் செய்த பின் உருவானது. காற்றிலாடும் வெண்திரைகள், துணிகள், மென்மையான தனியாடல்கள் என யாவும் கண்ணுக்கு இனியவை. ஆனால் 'காஃபே முல்லர்' தன் ஊர் உணவு விடுதியைத் துருவிப் பார்த்த கூர்மை இதில் இல்லை. தன் வீட்டாரைக் கேட்ட கேள்வியை விருந்து வந்த வீட்டில் அவர் கேட்கவில்லை. விருந்தினரின் நாகரிகம் அது. கலைஞரின் நாகரிகம் வேறு.

நம்மோடு உள்ள தொடர்பு

அவர் குழு 1979இலும் இந்தியா வந்திருக்கிறது. 1994இல் 'கார்னேஷன் மலர்கள்' என்னும் படைப்புடன் மீண்டும் வந்தது. மேடை முழுவதும் ஆயிரக்கணக்கான மலர்கள் நட்ட அப்படைப்பில், ஒருவர் காதற்பாட்டு ஒன்றை வாய்பேசாதார் கைமொழியில் அபிநயிப்பார். அனைவரும் வரிசையாக நடந்தபடி நான்கு பருவங்களையும் கைச்சைகையால் காட்டுவர். முத்திரை அறிந்த நம் கண்ணுக்கு அது மிக அணுக்கமானது.

நம் நாட்டில் இவ்வகைக் கேள்வியை எழுப்பியவர் சந்திரலேகா (1928–2006). குஜராத்திக் குடும்பத்தில் பிறந்து, சென்னைக்கு வந்து, காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்று, 1985இல் 'அங்கிகா' என்னும் படைப்பின் வழியே பரதத்தையும் களரியையும் யோகத்தையும் ஒருங்கிணைத்தார். பீனா வினவியது மனிதர் பழக்கங்களைப் பற்றி. சந்திரலேகா வினவியது உடலின் ஆற்றலைப் பற்றி. வேற்றுமாநிலத்திலிருந்து தமிழகம் வந்தவர் நம் கலையைப் பார்த்துக் கேட்ட கேள்வியை, தமிழகத்திலிருந்து வேற்றுமாநிலம் வந்த நாம் செவிமடுப்பது பொருத்தமே. அவ்வாறே சென்னையில் பிறந்து பாரிசில் வளர்ந்து குச்சிப்புடியில் தேர்ந்த சாந்தலா சிவலிங்கப்பா, பீனாவின் படைப்புகள் சிலவற்றில் ஆடியுள்ளார். மரபில் ஆழ வேரூன்றியவர் புதிய வினாவுக்கு அஞ்ச வேண்டுவதில்லை என்பதற்கு அவர் நல்ல எடுத்துக்காட்டு.

நமக்கு என்ன பயன்?

வுப்பர்டாலுக்குச் சென்று பார்க்கும் வாய்ப்பு நம்மில் பலருக்கு இல்லை. விம் வெண்டர்ஸ் 2011இல் எடுத்த 'பீனா' என்னும் திரைப்படத்தில் மேற்கூறிய படைப்புகளின் பகுதிகளைக் காணலாம். கண்டபின் நம் சங்க ஆண்டுவிழாவில் நாற்காலிகளைத் தள்ளி விழுந்து புரள வேண்டும் என்று நான் கூறவில்லை. அது வெறும் நகலாக முடியும். அவரிடமிருந்து கொள்ளத்தக்கது வடிவம் அன்று, வினா.

வெளிமாநிலத் தமிழரின் வாழ்வில் நம் அபிநயம் இதுவரை தொடாத இடங்கள் எத்தனையோ உள. மகன் வீட்டு ஏழாம் மாடியில் வந்து தங்கும் கிராமத்துப் பாட்டி, லிப்டின் சுவரை ஒரு கையால் பற்றிக்கொண்டு நிற்கும் நிலைக்கு முத்திரை உண்டா? பேத்தியின் இந்தி புரியாமல் பாட்டியும், பாட்டியின் தமிழ் புரியாமல் பேத்தியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு எந்த மெய்ப்பாடு? கோடை விடுமுறை முடிந்து ரயில் நகரும்போது ஜன்னல் கம்பியை விடாமல் சில அடி உடன்நடக்கும் தாத்தாவின் கை எந்த அடவில் அடங்கும்? ஊரில் 'வடக்கே இருப்பவர்' என்றும், இங்கே 'மதராசி' என்றும் அழைக்கப்படும் நாம் இரு பெயருக்கும் இடையே நிற்கும் நிலையை யார் ஆடிக் காட்டுவது?

நடனம் பயிலும் நம் பெண்பிள்ளைகளிடம் பதத்தின் பொருளைச் சொல்லிக்கொடுத்தபின், இவற்றுள் ஒன்றையேனும் கேட்டுப் பார்க்கலாம். கூடத்தின் பின்வரிசையில் சால்வை போர்த்தி அமர்ந்திருக்கும் முதியோரை ஒருமுறையேனும் மேடைக்கு அழைத்துக் கேட்கலாம். விடைகள் உடனே கலையாகிவிடமாட்டா. பீனாவும் நூறு விடையில் ஒன்றிரண்டையே ஏற்றார். அந்த ஒன்றிரண்டைச் செதுக்க மாதக்கணக்கில் உழைத்தார். பொறுக்குதலும் உழைப்பும் இல்லாத இடத்தில் சொந்த வாழ்வைச் சொல்வது வெறும் புலம்பலாகும்.

தலைவியின் பெயர் சொல்லாமலே நம் முன்னோர் எல்லார்க்கும் உரிய அகத்தைப் படைத்தனர். அந்தச் செல்வம் நம்மிடம் உள்ளது; அதனை ஆடுவதை விட்டுவிட வேண்டுவதில்லை. ஆனால் நம் பிள்ளைகளின் வாழ்வு இன்னும் எந்தத் திணையிலும் சேராமல் வெளியே நிற்கிறது. அவ்வாழ்வைப் பெயர் சொல்லி அழைத்து உள்ளே அமர்த்துவது நம் கடன். அங்ஙனம் அமர்ந்தபின் அது தன் பெயரைத் தானே மறந்து பொதுவாகிவிடும் என்பதே பீனா பௌஷின் ஆடலரங்கு நமக்குத் தரும் நம்பிக்கை.